மாரிக் குளிரும் தாராக் குஞ்சும்

"தண்ணிச் சாதி தானே பாதர், மழை என்னத்தச் செய்யும் எண்டு நெனச்சன். காலம விடிஞ்சி பாத்தா ஏழு குஞ்சி ஒண்டுக்கு மேல ஒண்டா விறைச்சிப் போய்க் கிடக்கு."

கல்முனைக்கு மேற்கே, சுனாமிக்குப் பின் எழுந்த வீட்டுத்திட்டம் ஒன்றில் ஒரு ராத்தா இப்படிச் சொன்னபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் குஞ்சுகளை அவர் கையில் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். 2022 நவம்பர் கடைசியில், இயந்திரத்தில் பொரித்த தாராக் குஞ்சுகளைக் குடும்பத்துக்குப் பத்து வீதம் பகிர்ந்தளித்தோம். கடலோரக் காணியை இழந்து, வயலும் தூரமாகி, வீட்டைச் சுற்றி ஒரு துண்டு நிலம் மட்டுமே உள்ள குடும்பங்களுக்கு நாலு முட்டையாவது கிடைக்கட்டும் என்பதே எண்ணம். எண்ணத்தில் பிழையில்லை, மாதத்தில்தான் பிழை. ஆண்டு முடிவதற்குள் உதவிப் பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், மாரி தொடங்கும் வேளையில் குஞ்சு கொடுத்துவிட்டோம்.

அடுத்த மாதமே அது வினையாகியது. டிசம்பர் 8, 9ஆம் திகதிகளில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நகர்ந்துகொண்டிருந்தது. அது எமது கரையைத் தொடவில்லை, 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டில் மாமல்லபுரம் அருகே கரை ஏறியது. ஆனால் வடக்கேயிருந்து அது இழுத்து வந்த குளிர்காற்று வடக்கு, கிழக்கு மாகாணங்களை உலுக்கிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாட்களில் செத்து விழுந்தன. தொற்றுநோயாக இருக்குமோ என்று பலரும் அஞ்சினார்கள். பரிசோதித்த கால்நடை வைத்தியத் துறையினர் குளிர் தாக்கமே காரணம் என்றார்கள். திறந்த வெளியில் நனைந்தபடி, வயிறும் காய்ந்து நின்ற கால்நடைகளே பெரும்பாலும் மாண்டன. மாட்டுக்கே இந்தக் கதி என்றால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு குஞ்சு எம்மாத்திரம்?

இங்கே ஒரு சொல் விளக்கம். எமது பகுதியில் 'தாரா' என்றால் முட்டைக்கும் இறைச்சிக்கும் வீட்டில் வளர்க்கும் சிறிய இனம். கழுத்து நீண்ட, புல் மேயும் பெரிய பறவையையே பலர் 'வாத்து' என்பர். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இரண்டும் வாத்துத்தான். நான் எமது வழக்கப்படியே எழுதுகிறேன்.

குளிரா, ஈரமா?

கல்முனைக் கரையில் மாரி காலத்து இரவுக் குளிர் வழமையாக 23 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். வளர்ந்த தாராவுக்கு இது ஒரு குளிரே அல்ல. போலந்திலும் ருஷ்யாவிலும் பனி உறையும் முற்றத்தில் வாத்துகள் ஒற்றைக் காலில் நின்று தூங்குகின்றன. காலுக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாயும், காலிலிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒன்றையொன்று ஒட்டி ஓடுவதால், இறங்கும் இரத்தத்தின் சூடு ஏறும் இரத்தத்துக்கு மாறிவிடுகிறது. கால் குளிர்ந்தாலும் உடம்பு குளிர்வதில்லை. அந்நாட்டு விவசாயிகள் வளர்ந்த பறவைகளின் கொட்டிலுக்குச் சூடு ஏற்றுவதும் அரிது. தடிப்பாக உலர்ந்த வைக்கோல் பரப்பி, காற்றடிக்கும் பக்கத்தை மறைத்து, கூரையோரம் புழுக்கம் வெளியேற வழி விடுகிறார்கள். அவ்வளவே.

அப்படியானால் எங்கள் குஞ்சுகள் ஏன் செத்தன? அவர்களுடைய குளிர் பெரும்பாலும் உலர்ந்த குளிர், எங்களுடையது ஈரக் குளிர். தாராவின் சூட்டைக் காப்பது இறகு மட்டுமல்ல, இறகுக்கு அடியில் உள்ள மெல்லிய பஞ்சும் அந்தப் பஞ்சுக்குள் அடைபட்டு நிற்கும் காற்றுமே. வால் அடியில் முதுகுப் பக்கமாக ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. தாரா அடிக்கடி அங்கே சொண்டை வைத்துத் தேய்த்து இறகுகளைக் கோதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோதுதலால்தான் மேலிறகில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது. பஞ்சு நனைந்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் நீர் நிற்கும். நீர் உடம்புச் சூட்டைக் காற்றை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்தும். தாராவின் உடம்புச் சூடு 41, 42 பாகை. நனைந்த குஞ்சு அதைச் சில மணி நேரத்தில் இழந்துவிடுகிறது.

குஞ்சுக்கு அந்தச் சுரப்பி ஆரம்பத்தில் சரியாக வேலை செய்வதில்லை. தாய்த் தாராவின் சிறகுக்குள் புகுந்து உராயும் குஞ்சுக்குத் தாயின் எண்ணெய் கொஞ்சம் ஒட்டுகிறது. அதனால்தான் தாயோடு திரியும் குஞ்சு பொரித்த சில நாளிலேயே நீந்திவிட்டு வந்தும் பிழைக்கிறது. இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்கும் அடைக்கோழியின் கீழ் பொரித்த குஞ்சுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. நாங்கள் கொடுத்தவை இயந்திரக் குஞ்சுகள். "தண்ணிச் சாதி" என்று ராத்தா நம்பியதில் பிழையில்லை, தாய் இல்லாத தண்ணிச் சாதி என்பதை நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அடைக்கோழி வைப்போருக்கும் ஒரு வார்த்தை. கோழிமுட்டைக்கு 21 நாள் போதும், தாரா முட்டைக்கு 28 நாள் வேண்டும். முகத்தில் சிவப்புச் சதை படிந்த பெரிய தாரா இனத்துக்கு 35 நாள் வரை. வாத்துக்கு 30 நாள் அளவில். இடையில் கோழி சலித்து எழும்பிவிட்டால் அத்தனையும் வீண். பொரித்த பின்னும் தொல்லை உண்டு. கோழி மழைக்கு ஒதுங்கும், குஞ்சு மழைக்குள் ஓடும். கோழி தாவாரத்தில் நின்று கொக்கரித்துக் கொக்கரித்துக் கூப்பிடும், குஞ்சுகள் முற்றத்துச் சேற்றில் அளைந்துவிட்டு நடுங்கிக்கொண்டு வரும். எனவே முதல் நாலு வாரத்துக்கு மழை நாளில் கோழியையும் குஞ்சையும் சேர்த்தே அடைத்து வையுங்கள்.

மூத்தம்மாவின் பெட்டி

அதே வீட்டுத்திட்டத்தில், நாலு வீடு தள்ளி, ஒரு மூத்தம்மாவின் பத்துக் குஞ்சும் உயிரோடு இருந்தன. எங்கள் பயிற்சி வகுப்புக்கு அவர் வரவில்லை, முழங்கால் வலி. குஞ்சுகளை மகன்தான் வாங்கிக்கொண்டு போனார். நான் போய்ப் பார்த்தபோது குசினி மூலையில், அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, ஒரு பழைய மரப்பெட்டி. அடியில் நாலு விரல் தடிப்புக்கு உமி, சுற்றி வைக்கோல் திணித்த உரப்பைகள். மேலே பழைய பன்பாயை மடித்துப் போட்டு ஓரத்தில் ஒரு சாண் திறந்து விட்டிருந்தார். விளக்கு இல்லை, மின்குமிழும் இல்லை. அந்த நாட்களில் நாளாந்தம் மின்வெட்டு இருந்ததால் மின்குமிழை நம்பியவர்களே அதிகம் இழந்தார்கள். மூத்தம்மா குஞ்சுகளின் சொந்தச் சூட்டையே வெளியே போகவிடாமல் பிடித்து வைத்திருந்தார்.

வைக்கோல் பெட்டி முறை என்று இதற்குப் பல நாடுகளில் பெயரே உண்டு. எனக்குப் புத்தகத்தில் தெரிந்திருந்தது, வகுப்பில் சொல்லத் தோன்றவில்லை.

இப்பெட்டியை நீங்களும் செய்யலாம். இருபது குஞ்சுக்கு மூன்றடி நீளம், இரண்டரை அடி அகலம் முதல் வாரத்துக்குப் போதும். குஞ்சு வளர வளர இடத்தைக் கூட்டுங்கள். உமிக்கு எங்கள் பகுதியில் பஞ்சமில்லை, சம்மாந்துறைப் பக்கம் ஆலைகளில் குவிந்து கிடக்கிறது. உலர்ந்த உமியாகப் பார்த்து எடுங்கள். மழையில் நனைந்த குவியலின் அடி உமி வேண்டாம். மருதமுனைத் தறிகளில் கழியும் நூலையும் துணித்துண்டையும் சிலர் பஞ்சு மெத்தை போலப் போடுகிறார்கள். நூல் குஞ்சின் காலில் சுற்றி இறுக்கிவிடும், அதைத் தவிருங்கள். பெட்டியை ஒருபோதும் முழுவதும் மூடாதீர்கள். தாராவின் எச்சத்தில் நீர் மிக அதிகம், மூச்சிலும் ஈரம். மூடிய பெட்டிக்குள் அந்த ஈரம் திரும்பக் குஞ்சின் மேலேயே படியும். காலையில் பெட்டிக்குள் முகத்தை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் உமியை மாற்ற வேண்டும், காற்று வழியையும் கூட்ட வேண்டும்.

மின்சாரம் நம்பத்தக்கதாக உள்ள வீட்டில் விளக்குச் சூடு நல்லது. கிடுகு அல்லது தகரத்தால் ஒன்றரை அடி உயர வளையம் கட்டுங்கள். ஐந்தடி விட்டமுள்ள வளையம் நாற்பது குஞ்சு கொள்ளும். நடுவே, நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், தகரத் தொப்பி போட்ட 100 வாற்று மின்குமிழ் ஒன்றைக் கம்பியால் உறுதியாகக் கட்டுங்கள். அது பழைய மஞ்சள் குமிழாக இருக்க வேண்டும். இப்போது கடைகளில் விற்கும் எல்ஈடி குமிழ் வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்குக் காணும் சூடு தராது. ஒரு வீட்டில் வெள்ளை வெளிச்சம் பகல் போல எரிய, அதன் கீழேயே குஞ்சுகள் நடுங்கி நின்றதைக் கண்டேன்.

முதல் சில நாள் குஞ்சு நிற்கும் இடத்தில் 32 பாகை அளவு சூடு வேண்டும். பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லையென்று கவலைப்பட வேண்டாம், குஞ்சே வெப்பமானி. விளக்கின் கீழ் குவிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர் போதாது போதாது என்கிறது என்று எண்ணாதீர்கள், சூடு போதாது என்கிறது. விளக்கை விட்டு விலகி வாயைத் திறந்து இரைத்தால் சூடு கூடிவிட்டது. எல்லாம் ஒரே பக்கத்துக்கு ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தால் காற்று வருகிறது. வளையமெங்கும் பரந்து படுத்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம். குவியலைப் பார்த்தும் பாராமல் விடுவதே பெரிய ஆபத்து. மேலே உள்ளவை பிழைக்க, அடியில் உள்ளவை நசிந்து மூச்சு முட்டிச் சாகும். ராத்தாவின் ஏழும் அப்படித்தான் போயின, குளிரால் மட்டுமல்ல.

அரிக்கன் லாம்பும் சட்டி நெருப்பும் வைக்கிறவர்கள் இரண்டு விடயத்தில் கவனமாக இருங்கள். உமியும் வைக்கோலும் கிடுகும் ஒரு பொறியில் பற்றும். மூடிய அறைக்குள் கரி கனன்றால் நச்சுப்புகை குஞ்சை மட்டுமல்ல, அந்த அறையில் படுக்கும் பிள்ளைகளையும் கொல்லும். என் விருப்பம் சுடுதண்ணீர்ப் போத்தல். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் கை பொறுக்கும் அளவை விடச் சற்றுக் கூடிய சூட்டில் தண்ணீர் நிரப்புங்கள். கொதிநீர் விட்டால் போத்தல் சுருங்கிவிடும். பழைய சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரவில் ஒருமுறை எழும்பத்தான் வேண்டும்.

குஞ்சுக்குத் தண்ணீர் வைப்பதிலும் பலர் தவறுகிறார்கள். தாரா தீன் தின்னும்போதே தண்ணீர் குடிக்க வேண்டும், மூக்குத் துவாரம் நனையுமளவு சொண்டை முக்கிக் கழுவவும் வேண்டும். ஆனால் உடம்போடு உள்ளே இறங்கக் கூடாது. ஒரு சட்டியில் கூழாங்கற்களை நிரப்பி, கல்லுக்கு மேலே ஓரங்குலம் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். சட்டியைச் சுற்றி உமி நனைந்தால் அந்த நனைந்த உமியை மட்டும் அள்ளி எறிந்து புதிது போடுங்கள்.

விறைத்துப் போன குஞ்சைச் செத்துவிட்டது என்று உடனே எறிய வேண்டாம். துணியால் ஒற்றித் துடைத்து, கைக்குள்ளோ மடிக்குள்ளோ வைத்துச் சூடாக்குங்கள். நெருப்பருகே பிடிக்காதீர்கள். தலை நிமிர்ந்த பிறகே வெதுவெதுப்பான சீனித் தண்ணீரில் சொண்டு நுனியை நனைத்து விடுங்கள். தலை தொங்கும் குஞ்சின் வாயில் தண்ணீர் வார்த்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். துண்டுக்குள் சுற்றி ஒரு மணித்தியாலம் நெஞ்சோடு வைத்திருந்து எழும்பிய குஞ்சை நானே கண்டிருக்கிறேன்.

வளர்ந்த தாராவின் கூடு

வளர்ந்த தாராவுக்கு விளக்கோ போத்தலோ வேண்டாம். உலர்ந்த தரையும் காற்று மறைப்பும் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று கடல் பக்கத்தால் வரும். எனவே கூட்டின் வடக்கையும் கிழக்கையும் தரையிலிருந்து மூன்றடிக்குக் கிடுகால் அடைத்து, தென்மேற்குப் பக்கம் வாசலை வையுங்கள். கூரையடியில் ஒரு சாண் திறந்திருக்கட்டும். ஒரு தாராவுக்கு நாலு சதுர அடி இடம் கணக்கு. கடற்கரை மண்ணில் இருப்போர் பாக்கியவான்கள், மணல் ஈரத்தை வடித்துவிடும். மேற்கே வட்டைப் பக்கம் களிமண்ணில் குடியேறியோர் உரப்பைகளில் மணல் நிரப்பி அடுக்கி, கடந்த வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு ஓரடி மேலே தரையை உயர்த்துங்கள். அதன் மேல் உமி. மாலைதோறும் ஒரு பெட்டி உலர் உமி தூவினால் போதும், முழுவதையும் கிளறிக் கொட்டத் தேவையில்லை.

தீன் விடயத்தில் மாரி கொடுமையானது. பெரும்போகத்தில் எங்கள் வயல்களில் விதைப்பு நெல்லைக் கையால் வீசுவார்கள். அந்த நாட்களில் தாராவை வட்டைக்குள் விட்டால் விதைநெல்லைத் தின்றுவிடும், அயலவரோடு வழக்கும் வரும். ஆகவே தாரா வளவுக்குள் அடைபட்டுப் பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடக்கும் உடம்பு சூட்டை உண்டாக்காது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய மணியும் நத்தையும் தாராவுக்குப் பெரிய சோறு. தமிழ்நாட்டில் ஆரணி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலும் கேரளத்துக் குட்டநாட்டிலும் ஆயிரக்கணக்கில் மேய்ப்பதும் அதை நம்பித்தான். மாரியில் அது இல்லாததால் பொழுதுபடும் நேரம் தாராவுக்கு ஒரு கைப்பிடி முழு நெல்லாவது கொடுங்கள். இரவு முழுக்க அது செரித்துச் சூடு தரும்.

பணத்தை மிச்சம் பிடிக்க, பூஞ்சணம் பிடித்த தவிட்டையும் புண்ணாக்கையும் தாராவுக்குப் போடுகிறவர்கள் உண்டு. "மனிசனுக்கு ஆகாது, தாராவுக்கு ஆகும்" என்கிறார்கள். உண்மையில் கோழியை விடத் தாராக் குஞ்சுக்கே அந்த நஞ்சு கடுமையானது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் அளவிலான வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. தேடிப் பார்த்ததில், இறக்குமதி செய்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சு என்று தெரிந்தது. அஃபிளாடொக்சின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்த நஞ்சு தீனில் உள்ளதா என்று சோதிக்கப் பின்னர் ஒரு நாள் வயதுத் தாராக் குஞ்சுகளையே பயன்படுத்தினார்கள். அவ்வளவு எளிதாக அவை பாதிக்கப்படும். மழைக்காலத்தில் ஈரல் கெட்டுச் சாகும் குஞ்சையும் "குளிர் பிடித்தது" என்றே நாம் கணக்கெழுதுகிறோம். தவிட்டைப் பத்து நாளுக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி, நிலத்தில் படாமல் பலகை மேல் வையுங்கள்.

வெள்ளம் வந்தால்

கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கினால் எமது மக்களுக்கு விளங்கிவிடும், அடுத்தது பாடசாலை மண்டபம்தான். 2011 ஜனவரி வெள்ளத்தில் பல குடும்பங்கள் கூட்டைத் திறந்துவிட்டு, "அது நீந்திப் பிழைக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியேறின. வளர்ந்த தாரா நீந்தத்தான் செய்யும், ஆனால் ஓடும் வெள்ளத்தில் நெடுநேரம் மிதந்தால் களைத்துப்போகும், தூரம் அடித்துச் செல்லப்பட்டால் திரும்பி வராது. குஞ்சுக்குப் பிழைப்பே இல்லை. வீடு விடும்போது தாராவைச் சாக்கில் கட்டாதீர்கள், ஈரச் சாக்குக்குள் மூச்சு முட்டிவிடும். பெரிய கூடையின் வாயை வலையால் கட்டிக் கொண்டுபோங்கள். குஞ்சை உமி போட்ட வாளியில் துணி மூடி எடுத்துப் போகலாம். நலன்புரி நிலையத்தில் மனிதருக்கே இடம் போதாது என்பதும், தாராவோடு வந்தவரை அயலவர் முறைப்பதும் எனக்குத் தெரியும். அதனால் மழை தொடங்குமுன்னே மேட்டுப் பக்கத்து உறவினர் ஒருவரிடம் பேசி வையுங்கள். அவருக்குப் பாதி முட்டை என்றால் மறுக்க மாட்டார்.

வெள்ளம் வடிந்த பின் வேறொரு சாவு வரும். செத்த மீனும் கோழியும் அழுகிக் கிடக்கும் தேங்கு நீரில் தாரா மேய்ந்தால் அந்த அழுகலில் உண்டாகும் நஞ்சு அதன் நரம்பைத் தாக்கும். முதலில் கால் வலுவிழக்கும், பிறகு கழுத்து நிமிராமல் துவண்டு தொங்கும். குளிர் என்று நினைத்து அடுப்பருகே வைத்துப் பயனில்லை. கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள், மற்றவற்றை அந்தக் குட்டைக்குப் போகாமல் மறியுங்கள், செத்ததை ஆழப் புதையுங்கள்.

எல்லாவற்றையும் விட இலகுவான வழி, மாரியில் குஞ்சே இல்லாமல் பார்த்துக்கொள்வது. மாசி, பங்குனியில் பொரித்த குஞ்சுக்கு வெயில் இலவசச் சூடு, சிறுபோக வேலைக்கு இடையில் கவனிக்க நேரமும் உண்டு. ஐந்து, ஆறு மாதத்தில், ஆவணி அளவில் முட்டையிடத் தொடங்கும். ஐப்பசி மழைக்கு முன் முழு இறகோடு நிற்கும். இதை நாங்கள் முன்னரே எண்ணிப் பார்த்திருந்தால் அந்த வீட்டுத்திட்டத்தில் குழி தோண்டியிருக்க வேண்டியதில்லை. இப்போது குஞ்சு கொடுப்பதென்றால் மாசிக்கு முன் கொடுப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறோம். பணம் தருகிறவர்கள் டிசம்பர் கணக்கைக் கேட்டால், பெட்டியும் உமியும் கூட்டுக் கூரையும் அந்தப் பணத்தில் முதலில் செய்து முடிக்கிறோம்.

ராத்தாவின் மூன்று குஞ்சில் இரண்டு பெடை, ஒன்று சேவல். அடுத்த மாசியில் அவர் மூத்தம்மாவிடம் அடைக்கோழி ஒன்றை இரவல் வாங்கி, ஒன்பது முட்டை வைத்தார். ஏழு பொரித்தது. மழை வரப் பல மாதம் இருந்தும், மரப்பெட்டியை அப்போதே செய்து குசினி மூலையில் வைத்துவிட்டார்.